அவள் கண்டுபிடித்த பொந்து

நான் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மரங்கொத்திப் பொந்தை அவள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தாள். அதுவும் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. டிப்ளமோ முடித்ததும் தர சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். பெரியபாளையத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். கம்பெனியின் பின்பக்க மதிலை ஒட்டி கிரீன் பெல்ட் என்று ஒரு துண்டு நிலம் உண்டு. ஆலை நடத்தினால் மரமும் வைத்தாக வேண்டும் என்ற விதிக்காக யாரோ எப்போதோ நட்ட தூங்குமூஞ்சி மரங்கள், நடுவில் நாலைந்து வேம்பு, ஓரமாகத் தைலமரங்கள். அதில் ஒரு தூங்குமூஞ்சி ஏதோ ஒரு புயலில் உச்சி முறிந்து, பட்டுப்போய், அப்படியே நின்றுகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அந்தத் துண்டு நிலம் சிகரெட் பிடிக்கப் போகும் இடம். எனக்கு அது ஒரு ஜோடி பொன்முதுகு மரங்கொத்திகளின் வீடு.

சாதாரணப் பறவைதான். நம் ஊரில் தென்னந்தோப்பு இருக்கிற இடமெல்லாம் இருக்கும். ஆனால் முதுகில் யாரோ மஞ்சள் பெயின்டை ஊற்றிவிட்டு, தலையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிற ஒரு உயிர், பிரஸ் ஷாப் சத்தத்துக்கு நடுவில் குதிரை கனைப்பதுபோலச் சிரித்துக்கொண்டு பறந்தால் அதைச் சாதாரணம் என்று எப்படிச் சொல்வது? ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு. பெண்ணுக்கு முன்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, பின்னால்தான் சிவப்புக் கொண்டை. நேராகப் பறக்கத் தெரியாது. நாலு சிறகடி, ஒரு விழல், நாலு சிறகடி, ஒரு விழல். மரத்தில் வந்து உட்கார்ந்தால் கீழிருந்து மேலே சுற்றிச் சுற்றி ஏறும். வாலை ஸ்கூட்டருக்குப் போடும் ஸ்டாண்டு மாதிரி மரத்தில் ஊன்றிக்கொள்ளும். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் மரத்தின் அந்தப் பக்கம் நழுவி, அங்கிருந்து ஒரு கண்ணை மட்டும் நீட்டும். அதன் நாக்கு மண்டையோட்டைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய் வருகிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதையெல்லாம் நான் இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். காலை ஷிப்டுக்கு பஸ் வந்து நின்றதும் எல்லோரும் நாஷ்டாவுக்கு கேன்டீன் பக்கம் ஓடுவார்கள். நான் பின்கேட்டுக்கு ஓடுவேன். பைனாகுலரை உள்ளே விட மனிதவளப் பிரிவில் லெட்டர் எழுதி, கையெழுத்து வாங்கி, பைனாகுலரைப் பின்கேட்டு செக்யூரிட்டி அண்ணனின் டிராயரில் வைத்துவிட்டுப் போகலாம் என்கிற அளவுக்கு அனுமதி வாங்கியிருந்தேன். போட்டோவுக்கு மட்டும் வழியில்லை. கேட்டில் நுழையும்போதே போன் கேமராமேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வெளியே போகும்போது ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் விசாரணை. அதனால் நான் பார்த்ததற்கெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான் சாட்சி.

பொன்னேரி, பழவேற்காடு பக்கம் பறவை பார்க்கிற ஒரு குழு இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து நடப்போம். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். கறாரான பெண்மணி. மூன்று வருஷம் அந்தக் குழுவில் இருந்தும், "குட்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு பொந்தைக் கண்டுபிடித்து, பறவை முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்து போகிறவரை டைரி எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்று நினைத்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் இல்லை.

அவள் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். ப்ளஸ் டூ. வீட்டில் பாதி தெலுங்கு, அப்பாவை நைனா என்பாள். கேன்டீன் எண்ணெய் நாற்றம் பிடிக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் சாதத்தை அந்தப் பட்ட மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சேர்ந்த நாலாவது நாளே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, அந்த செவப்புக் கொண்டைக்காரரு இன்னா கம்பெனி? தெனம் காலைலயே வந்து தட்டிக்கினு கீறாரு."

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். ஆண் பெண் வித்தியாசம், வால், நாக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குழுவின் விதிகளையும் சொன்னேன். கூட்டின் கிட்டே போகக்கூடாது, கூட்டம் சேர்க்கக்கூடாது, முக்கியமாக, போனில் பறவைக் குரலைப் போட்டு அதைக் கூப்பிடக்கூடாது. "அது தன் எடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு நெனச்சிக்கும். பாவம்" என்றேன். டீச்சர் மாதிரி விரலை ஆட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பைனாகுலரைக் கொடுத்தேன். அவள் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பேஜாருக்கா. ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு மரம் தெரியுது."

ஒன்பதாவது நாள் மதியம் நான் தைலமரப் பக்கம் பைனாகுலரோடு கழுத்தை ஒடித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். கையில் டப்பா. தயிர் சாதத்தின்மேல் பொடிப்பொடியாக மரச்சில்லுகள்.

"நேத்தும் விழுந்துச்சு. எறும்பு அரிக்குதுன்னு நெனச்சேன். எறும்பு இவ்ளோ பெரிசா அரிக்குமா?"

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு நேர் மேலே, பட்ட மரத்தில், டம்ளர் வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு சிவப்புத் தலை வெளியே வந்து, வாய் நிறைய இருந்த தூளை உதறிவிட்டு உள்ளே போனது. நான் எப்போதும் தூரத்தில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் சோற்றைப் பார்த்தாள்.

"சூப்பர்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அந்த மாத நடைக்கு அவளையும் கூட்டிப் போனது நான்தான். பழவேற்காடு ரோட்டில் எல்லோரும் நீருக்குள் நின்ற பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்பக்கம் திரும்பி, "அந்த வேலிகாத்தான் உள்ள ஒண்ணு மிக்ஸி ஓட்டுற மாதிரி கத்துது, அது யாரு?" என்றாள். பல் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஏதோ ஒரு கதிர்க்குருவி. அந்தப் பக்கம் இதுவரை யாரும் பதிவு செய்யாததாம். டாக்டர் என்னைப் பார்த்து, "இந்தக் காதை எங்கேர்ந்து புடிச்சே?" என்றார். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அது. அதிலும் நான் இல்லை, என் பக்கத்தில் நின்ற காதுதான் இருந்தது. பொந்தைப் பற்றித் தெரிந்ததும் ஒரு புது நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீயே எழுதும்மா. அடுத்த நடையில படிச்சுக் காட்டு."

நீயே.

பொறாமை வயிற்றில் எரியும் என்கிறார்கள். எனக்கு அது கணக்குப் போடுகிற மாதிரி மூளையில்தான் வந்தது. அவளுக்குப் பொன்முதுகு என்ற பெயரே என் வாயிலிருந்துதான் தெரியும். அவள் உட்காருகிற மரத்தை முதலில் கவனித்தது நான். பைனாகுலருக்கு லெட்டர் எழுதியது நான். இதை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெரியபாளையத்தில் இறங்கும்போது கோயிலுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு போகிற கூட்டத்தில்கூட இடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

நோட்டு செக்யூரிட்டி அண்ணனின் டிராயரில், என் பைனாகுலருக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் திறந்து படிப்பேன். குண்டு குண்டான கையெழுத்து, ஓரத்தில் படங்கள். பட்ட மரங்களை வெட்ட ஆள் வரப்போவதாகக் கேள்விப்பட்டு, 'இதை வெட்டாதீங்க' என்பதற்கு அடையாளமாக பேக்கிங் நீல ஸ்ட்ராப் ஒன்றை அடிமரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அதையும் எழுதியிருந்தாள். ஒரு நாள் இப்படி எழுதியிருந்தது:

'இன்னிக்கு ரெண்டு பேரும் டூட்டி மாத்திகினாங்க. அம்மா வந்து வாசல்ல நின்ன பொறவுதான் அப்பா எழுந்தாரு. ரிலீவர் வராம சீட்ட விட மாட்டாரு. நம்ம மெஷின் ஷாப் அண்ணனுங்க மாதிரி.'

முட்டை இட்டாகிவிட்டது என்று அர்த்தம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அந்த மாறும் கணத்தில்தான் இரண்டையும் ஒரே வாசலில் பார்க்கலாம். நான் பார்த்ததில்லை. அவள் பார்த்துவிட்டாள். ரிலீவர் என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டாள். அந்த வார்த்தை எனக்கு ஏன் வரவில்லை?

அடுத்த வாரம் அவளுக்கு மதிய ஷிப்டு. இரண்டு மணிக்குமேல்தான் வருவாள். சாப்பாட்டு இடைவேளையில் மரம் எனக்கே எனக்கு. திங்கட்கிழமை அரை மணி நேரம் நின்றேன். ஆண் உள்ளே இருந்தது, பெண் வரவில்லை, எனக்கு லேபுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை போனை எடுத்தேன். ஸ்டிக்கர் கேமராவைத்தான் மூடும், ஸ்பீக்கரை மூடாது. பொன்முதுகின் குரல் என்னிடம் இருந்தது. ஒரே ஒரு தடவை, மெதுவாக. அது வாசலுக்கு வரும், கத்தும், பெண் ஓடி வரும், இரண்டும் ஒன்றாகத் தெரியும். அவ்வளவுதான் திட்டம்.

அப்படியேதான் நடந்தது. ஆண் வாசலுக்குப் பாய்ந்து வந்து கொண்டை சிலிர்க்கக் கத்தியது. ஸ்டோர் கூரைப் பக்கமிருந்து பெண் வந்து சேர்ந்தது. நான் எழுதினேன்: '12.40. இரண்டும் வாசலில். ஆண் வெளியே, பெண் உள்ளே.' எப்படி வந்தன என்று எழுதவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'அக்கா செம!!' பக்கத்தில் கொண்டை வைத்த என் படம்.

அந்தப் படத்தைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வரி போதவில்லை. புதன்கிழமையும் போட்டேன். வியாழக்கிழமையும். ஆண் இப்போது வாசலில் நிற்கவில்லை. இல்லாத எதிரியைத் தேடி மரம் மரமாகப் போனது, ஸ்டோர் தகரக் கூரையில் உட்கார்ந்து டமடமவென்று தட்டியது. பெண்ணும் பின்னாலேயே போனது. பொந்து சும்மா கிடந்தது. விளக்குக் கம்பத்தில் இரண்டு மைனாக்கள் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆண் கூரையில் தட்டியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். நல்ல அரைப் பக்கம். அவள் எழுதாத விஷயம்.

வெள்ளிக்கிழமை பைனாகுலரை வைக்கப் போனபோது செக்யூரிட்டி அண்ணன், "பேக்கிங் பாப்பா நேத்து சாயங்காலம் நோட்ட வெச்சிட்டுப் போம்போது அழுதுகினு போச்சும்மா" என்றார். நோட்டைத் திறந்தேன். ஒரே வரி. 'பொந்துல மைனா.' மரத்தடிக்கு ஓடினேன். வெள்ளை முட்டை ஓட்டுத் துண்டுகள்மேல் எறும்பு மொய்த்திருந்தது. மேலே ஒரு மைனா வாயில் நீல ஸ்ட்ராப் நாரோடு பொந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடையின் முடிவில், பழவேற்காடு பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில், அவள் நோட்டைப் படித்தாள். கடைசி வரியோடு நிறுத்தாமல், தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"என் தப்புதான் டாக்டர். நான் கட்டுன ஸ்ட்ராப்பப் பாத்துதான் மைனா வந்துச்சு. அத்தப் பிச்சிதான் கூடு கட்டுது. தெனம் கீழயே குந்திகினு சோறு வேற துன்னேன்."

டாக்டர், "பரவால்ல, அடுத்த தடவை எதையும் கட்டாதே" என்றார். இன்னும் இரண்டு பேர், கூட்டுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த ஐந்து நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது. யாரும் அவள் காதைப் பற்றிப் பேசவில்லை.

பொன்னேரி ஸ்டேஷன்வரை ஷேர் ஆட்டோவில் வந்தோம். அவளுக்கு அங்கே ரயில், எனக்கு அங்கிருந்து பஸ். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் நோட்டை என் மடியில் வைத்தாள்.

"நீங்களே வெச்சிக்கோங்கக்கா. உங்களுக்குத்தான் இதெல்லாம் சரியாத் தெரியும். நான் இன்மே அந்தப் பக்கம் போவல. கேன்டீன்லயே துன்னுக்குறேன்."

நான் ஆசைப்பட்ட நோட்டு என் மடியில் இருந்தது. அதைத் தொட முடியவில்லை.

"ஸ்ட்ராப்பால இல்ல" என்றேன்.

"பின்ன?"

"நான் போன்ல குரல் போட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தாள், விளையாடுகிறேன் என்று. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"எத்தினி நாளு?"

"மூணு நாள்."

"நாளைக்கு எத்தினி தபா?"

முதல் நாள் ஒரு தடவை. மற்ற நாள் எனக்கு நினைவில்லை என்றேன். நினைவிருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"எதுக்குக்கா?"

"நீ பாத்ததை நான் பாக்கணும்னு. டாக்டர் உன்கிட்ட நோட்டுக் குடுத்தாங்கல்ல."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எம்மேலயா? உங்ககிட்ட படிப்பு கீது, ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு கீது, கம்பெனி பர்மனென்ட் பண்ணப் போவுது. என்னாண்ட இன்னா கீதுன்னு எம்மேல வயிறு எரியுது உங்களுக்கு?"

அவள் ரயில் வந்தது. எழுந்திருக்கவில்லை. கிளம்பியும் போய்விட்டது.

"அந்தாளு நெசமாவே வேற ஒருத்தன் வந்துட்டான்னு அலைஞ்சிருக்கான்க்கா. ரிலீவர் வராம எழுந்திருக்காத ஆளு அவன். அவனப் போயி..." மேலே சொல்லாமல் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். "எழுதுங்க. தேதி போட்டு. எத்தினி தபான்னும் எழுதுங்க."

எழுதினேன். செவ்வாய் ஒன்று. புதன் நாலு. வியாழன் ஏழு. கீழே என் கையெழுத்து. எழுதி முடித்ததும் அவள் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, என் கண் முன்னாலேயே குழுவுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் கூடச் சேர்க்கவில்லை. பிறகு நோட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். அடுத்த ரயிலுக்கு வெகு நேரம் இருந்தது. நானும் பஸ்ஸுக்குப் போகவில்லை. அவள் ரயில் ஏறும்வரை பெஞ்சிலேயே இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் அன்று மாலையே போன் செய்தார். "இந்த வருஷம் நடைக்கு வராதே" என்றார். "ஒத்துக்கிட்டியே, அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மரங்கொத்திகள் போய்விடவில்லை. வெயில் ஏற ஏற அந்தக் கனைப்புச் சத்தம் மதில் ஓரத்தில் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அவை மறுபடி முயன்று பார்க்கும் என்று எனக்குத் தெரியும். எந்த மரத்தில் என்றுதான் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. மதியம் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போகாமல் பின்பக்கம் போவதைப் பார்த்தேன். பேக்கிங்கில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கேன்டீனில் சோறு போடுகிற அக்காவுக்குக்கூடத் தெரியும். என்னைக் கண்டதும் எல்லோரும் வேறு பேச்சு பேசினார்கள்.

பைனாகுலரை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக ஒரு நாள் பின்கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எதையோ அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் சட்டென்று எழுந்து நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

"எந்த மரம்ணே?"

"இன்னா மரம்? எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றார், லாரிகள் போகிற ரோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு மனசு கேட்காமல், "பாப்பா சொல்லக் கூடாதுன்ச்சும்மா" என்றார்.

எனக்குப் பின்னால், அதிக தூரம் இல்லை, பசித்த குஞ்சுகள் ஒன்றாகச் சேர்ந்து கரகரவென்று இரைகிற சத்தம் கேட்டது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் கேட்டது அதுதான் முதல் முறை. எத்தனை குஞ்சு என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவளால் முடியும்.

பைனாகுலரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். திரும்பாமல் நடந்தேன். அதற்கு என் கழுத்தில் இருந்த பலம் முழுக்க வேண்டியிருந்தது.